றங்குப் பெட்டிக்குள் கிடக்கும் எமது அரசியல் வரலாறு

முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரோ பிரதேச சபைத் தவிசாளர் ஒருவரோ மௌத்தானால் எமது ஊர்களில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் போகும். கட்சி பேதமின்றி எல்லோரும் வருவார்கள். முகநூலில் பழைய புகைப்படங்கள் ஓடும். "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்ற அனுதாபச் செய்தி பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வெளிவரும். ஒரு வருடம் கழித்து அவர் பெயரில் ஒரு வீதி அல்லது ஒரு கிரிக்கெட் சுற்றுப்போட்டி.

வீட்டுக்குள் நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. கிழக்கில் வீடு பெரும்பாலும் மகளுக்குரியது. மகளின் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அறை வேண்டும். வாப்பாவின் அலுவலக அறையில் முப்பது வருடப் பைல்கள், கறையான் ஏறிய அலுமாரி, அடியில் ஒரு றங்குப் பெட்டி. பொன்னாடைகளை யாரோ கேட்டு எடுத்துச் செல்வார்கள். நினைவுச் சின்னங்களில் பித்தளையால் ஆனவை மட்டும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். கடதாசிகள் பழைய பேப்பர் வாங்குபவரிடம் கிலோக் கணக்கில் போகும், இல்லாவிட்டால் வளவின் மூலையில் எரிக்கப்படும். குடும்பத்தைக் குறைசொல்ல முடியாது. அவற்றை எங்கே கொடுப்பது என்று அவர்களுக்கு யார் சொன்னது?

சமூக நூதனசாலைகள் பற்றியும் ஆவணக் காப்பகங்கள் பற்றியும் எமது ஊர்களில் இப்போது பேச்சு எழுந்திருக்கிறது. நல்ல விடயம். ஆனால் பேச்சு பெரும்பாலும் கட்டடம், திறப்பு விழா, கண்ணாடிப் பெட்டி என்ற அளவில்தான் நிற்கிறது. ஓர் உள்ளூர் அரசியல்வாதியின் வாழ்வுப் பொருட்களைப் பாதுகாப்பது என்றால் நடைமுறையில் என்ன, ஏன் அது அவரது குடும்பத்துக்கும் கட்சிக்கும் அப்பாற்பட்ட விடயம் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

முதலில் அந்த அறையில் என்ன இருக்கும்? தேர்தல் துண்டுப்பிரசுரங்கள், சுவரொட்டிகள், வாக்கெண்ணும் நிலையத்தில் கையால் குறித்த எண்ணிக்கைத் தாள்கள். 1989 பொதுத் தேர்தலிலிருந்து விருப்பு வாக்கு முறை வந்த பிறகு, ஒரே கட்சிக்காரர்களே ஒருவருக்கொருவர் எதிராக அடித்த பிரசுரங்களும் சேரும். அவை தனி இலக்கியம்! பாராளுமன்றத்தில் பேசுவதற்காக எழுதி, வெட்டி, திருத்திய குறிப்புகள். அமைச்சுகளுக்கு அனுப்பிய கடிதங்களின் பிரதிகள், சிங்களத்தில் வந்த பதில்கள். மேடைப் பேச்சு பதிந்த கசட்டுகள். அடிக்கல் நாட்டும் புகைப்படங்கள். நாட்குறிப்புகள். இவை எல்லாவற்றையும்விட அதிகமாக, பொதுமக்கள் எழுதிய கடிதங்கள்.

இவற்றில் ஹன்சாட் மட்டுமே கொழும்பிலும் கிடைக்கும். மற்றவை உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். இறுதி உரை ஹன்சாட்டில் இருக்கலாம். ஆனால் பேசாமல் வெட்டிய பந்தி எது, ஏன் வெட்டப்பட்டது என்பது அந்தக் கைப்பிரதியில்தான் இருக்கும்.

பெரும்பான்மைச் சமூகத்தின் தலைவர்களுடைய பொருட்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்கவுக்கு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டப வளவில் நூதனசாலை இருக்கிறது. ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு 1988இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் தனியான நிலையமே அமைக்கப்பட்டு, அவரது ஆவணங்களும் நூல்களும் அன்பளிப்புகளும் அங்கே வைக்கப்பட்டன. இவர்கள் நாட்டுத் தலைவர்கள், அரச பலம் இருந்தது என்று சொல்லலாம். சரிதான். ஆனால் 1977 முதல் 1989 வரை வெளிநாட்டமைச்சராக இருந்தவர் எம்மவர், ஏ.சீ.எஸ். ஹமீத். 1960இல் பாராளுமன்றம் சென்று 1999இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். 1960இலும் பின்னர் 1970 முதல் 1977 வரையும் கல்வியமைச்சை நடத்தியவர் பதியுதீன் மஹ்மூத். உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற காலத்தில் அந்தக் கதிரையில் இருந்தவர் அவர். கொழும்பு ஸாஹிராவை 1921 முதல் 1948 வரை வழிநடத்தி, பின்னர் பாகிஸ்தானுக்கு உயர்ஸ்தானிகராகச் சென்று, 1960இல் மதீனாவில் வபாத்தான ரீ.பி. ஜாயா. இவர்களைப் பற்றி நாம் வருடாவருடம் கட்டுரை எழுதுகிறோம். பாடப் பரீட்சைக்குக் கேள்வியும் கேட்கிறோம். ஆனால் ஒரு மாணவன் "சேர், அவர் கைப்பட எழுதியது ஏதாவது பார்க்கலாமா?" என்று கேட்டால், "இன்ன ஊரில் இன்ன இடத்துக்குப் போ" என்று சொல்ல ஓர் இடம் எம்மிடம் இல்லை.

இன்னொரு சுவையான விடயம். கண்டியில் ஓர் அரசியல் தலைவரின் வீடு நூதனசாலையாக இருக்கிறது. அவர் இலங்கையரே அல்லர். 1883இல் ஆங்கிலேயரால் இங்கு நாடுகடத்தப்பட்டு 1901 வரை வாழ்ந்த எகிப்தின் ஒராபி பாஷா. வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் 18 வருடத்துக்கு வீடு ஒதுக்க முடிந்தது. நாமே வாக்களித்துத் தெரிவுசெய்தவர்களின் 30, 40 வருடங்களுக்கு ஓர் அலுமாரி இல்லை.

அழிவின் கணக்கையும் சொல்லவேண்டும். வடக்கு முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். கையில் எடுத்தது பிள்ளைகளை; பெட்டியில் இருந்த நகரசபைக் காலத்துக் கடதாசிகளை அல்ல. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை, காத்தான்குடி, கிண்ணியா, அம்பாந்தோட்டை என்று கரையோர வீடுகளில் இருந்தவை உப்புநீரில் கூழாகிப் போயின. 2019 ஏப்ரலுக்குப் பிந்திய தேடுதல் காலத்தில் நடந்ததை இன்னும் யாரும் சரியாகப் பேசவில்லை. அறபு எழுத்து இருந்த எதையும் வீட்டில் வைத்திருக்கப் பயந்தோம். புத்தகங்கள் கிணற்றில் போயின, கிழித்து எரிக்கப்பட்டன. அவற்றோடு சேர்த்துப் பழைய கட்சிப் பிரசுரங்களும், வெளிநாட்டுத் தூதரகக் கடிதங்களும், மாநாட்டு மலர்களும் போயின. யுத்தமும் கடலும் அழித்தவை ஒரு பக்கம், பயத்தில் நாமே அழித்தவை மறுபக்கம்.

மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் விடயம் இதற்கு நல்ல உதாரணம். 1981இல் காத்தான்குடியில் ஆரம்பித்த ஓர் இயக்கம், 1989இல் பாராளுமன்றத்துக்குள் போன விதத்தைப் பற்றி இன்று இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொல்லமாட்டார்கள். அவரது மேடைப் பேச்சுகள் கசட்டுகளில் ஊர் ஊராகப் போயின. அவர் கவிஞருமானவர், "நான் எனும் நீ" தொகுதி எங்காவது ஒரு நூலகத்தில் கிடைக்கும். ஆனால் ஆரம்பக் கூட்டங்களின் அறிக்கைகள், முதல் தேர்தலில் கையால் எழுதிய பதாகைகள், யார் எங்கே என்ன சொன்னார்கள் என்ற குறிப்புகள்? அவை தனித்தனி வீடுகளில் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களோ இன்று வெவ்வேறு கட்சிகளில் இருக்கிறார்கள். 2000 செப்டம்பர் 16இல் அரநாயக்கவில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தைப் பற்றி விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கையைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற முயன்றபோது பட்ட சிரமம் செய்திகளில் வந்ததுதான். அரசாங்கத்தின் கையில் இருக்கும் ஆவணத்துக்கே அந்த நிலை என்றால், வீட்டு அலுமாரியில் இருப்பதன் கதியை நினைத்துப் பாருங்கள். ஆவணம் இல்லாத இடத்தை வதந்தி நிரப்பிவிடுகிறது. எமது அரசியலில் பாதிச் சண்டை இதனால்தான் என்பது எனது அபிப்பிராயம்.

இங்கே ஓர் ஆட்சேபனை வரும். "அரசியல்வாதிக்கு எதற்கு நூதனசாலை? அவர் செய்த ஊழலையும் சேர்த்து வைப்பீர்களா?" ஆம், அதையும் சேர்த்துத்தான் வைக்கவேண்டும்.

கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பரை எடுத்துக்கொள்வோம். கல்முனைத் தொகுதியின் முதல் பாராளுமன்ற உறுப்பினர், 1947இல். 1956இல் தமிழரசுக் கட்சியில் வென்று பின்னர் அதைவிட்டு விலகினார். இலஞ்சம் பற்றி விசாரித்த தல்கொடபிட்டிய ஆணைக்குழு அவருக்கெதிரான குற்றச்சாட்டை நிரூபிக்கப்பட்டதாகக் கண்டது. 1965ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அவரது குடியியல் உரிமை பறிக்கப்பட்டு ஆசனமும் போனது. பாராளுமன்றத்துக்கு அப்படிச் செய்ய அதிகாரமுண்டா என்று அவர் நீதிமன்றம் போனார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார். அந்தத் தீர்ப்பு இன்றும் அதிகாரப் பிரிவினை பற்றிப் படிக்கும் சட்ட மாணவர்களுக்குப் பாடம். ஆனால் எமது பக்கத்தில் இவரைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒன்றில் வயலும் வாய்க்காலும் தந்த பெருமகன், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்வது. இரண்டுமே வரலாறு அல்ல. அவரது காணிக் கடிதங்களும் ஆணைக்குழு ஆவணங்களும் ஒரே அலுமாரியில் அடுத்தடுத்து இருக்கும் இடம்தான் காப்பகம். பெருமைக்குரியவற்றை மட்டும் வைத்தால் அது விளம்பரப் பலகை. குற்றத்தை மட்டும் வைத்தால் அது பழிவாங்கல். ஆசிரியராக எனக்கு இது முக்கியமானது, ஏனெனில் பிள்ளைகள் மிக விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். எமது பாடசாலையில் ஒரு கட்டடத்தின் திறப்புவிழாக் கல்லில் ஒரு பெயரின் மேல் சீமெந்து பூசப்பட்டிருக்கிறது. 11ஆம் தர மாணவர்கள் முதலில் கேட்ட கேள்வியே அதுதான்: "சேர், கீழே யாருடைய பேர் இருக்கு?" பூசப்படாமல் இருந்திருந்தால் அந்தக் கல்லை யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

சரி, எப்படிச் செய்வது?

குடும்பத்திலிருந்து தொடங்கவேண்டும். "தாருங்கள், வைக்கிறோம்" என்று வாய்ப்பேச்சில் வாங்கிய பொருட்களால்தான் பின்னர் தகராறு வருகிறது. மூத்த மகன் கொடுத்ததை இளைய மகள் திருப்பிக் கேட்பார். வாரிசுகள் நால்வர் இருக்க ஒருவர் மட்டும் கையெழுத்திட்டிருப்பார். எனவே எழுத்தில் ஓர் உடன்படிக்கை அவசியம். பொருள் நிரந்தர அன்பளிப்பா, கடனாகத் தருவதா? பிரதி எடுக்கலாமா? இணையத்தில் போடலாமா? எதை எத்தனை வருடம் மூடி வைக்கவேண்டும்? நிறுவனம் மூடப்பட்டால் பொருள் யாருக்குப் போகும்? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வக்பு செய்யும்போது நாம் எவ்வளவு கவனமாக நிபந்தனை எழுதுகிறோமோ, அதே கவனம் இங்கும் வேண்டும்.

அடுத்தது, பெட்டியைத் திறந்தவுடன் ஒழுங்குபடுத்த அவசரப்படக்கூடாது. கடிதங்களை ஒரு பக்கம், புகைப்படங்களை ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால் அழகாக இருக்கும்; ஆனால் அந்தப் புகைப்படம் எந்தக் கடிதத்தோடு வந்தது என்பது நிரந்தரமாகத் தொலைந்துவிடும். அவர் எந்த ஒழுங்கில் வைத்திருந்தாரோ அந்த ஒழுங்கே ஒரு தகவல். பெட்டிக்குப் பெட்டி இலக்கமிட்டு, பைலுக்குப் பைல் பதிவேட்டில் எழுதி, பிறகுதான் கை வைக்கவேண்டும். ஒரு சாதாரண சீ.ஆர். கொப்பி போதும்: இலக்கம், என்ன பொருள், யார் தந்தது, எப்போது, என்ன நிலையில்.

பாதுகாப்பு வேலைகளில் பணம் குறைவாகவும் பொறுமை அதிகமாகவும் தேவை. துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பிகளைக் கழற்ற வேண்டும். செலோடேப் ஒட்டக்கூடாது, சில வருடத்தில் பசை மஞ்சளாகிக் கடதாசியையே தின்றுவிடும். லெமினேட் செய்வது அன்பினால் செய்யும் கொலை. செய்தபின் பிரிக்க முடியாது. புகைப்படத்தின் பின்னால் போல்பொயின்ட் பேனையால் எழுதாமல் மென்மையான பென்சிலால் எழுதவேண்டும். 1990களில் வந்த பெக்ஸ் கடதாசிகளைத்தான் முதலில் ஸ்கேன் செய்யவேண்டும். அவற்றின் எழுத்து தானாகவே மங்கி மறைந்துகொண்டிருக்கிறது. அரசியல்வாதியின் பைல்களில் அவசரமான, முக்கியமான செய்திகள் வந்தது பெக்ஸில்தான் என்பது சோகமான வேடிக்கை. கசட்டுகளும் அவசரமே. நாடா பழுதாவது ஒரு பக்கம், போட்டுக்கேட்க இயந்திரம் இல்லாமல் போவது மறுபக்கம். எமது கரையோர ஊர்களின் ஈரக்காற்றில் பெட்டிகள் தரையிலிருந்து உயரத்தில், வெளிச்சுவரில் முட்டாமல் இருக்கவேண்டும். கடலிலிருந்து தூரமான ஊரில் இன்னொரு பிரதி வேண்டும். சுனாமிக்குப் பிறகும் அதை யாராவது விளக்கவேண்டுமா?

இப்போது நான் மிக முக்கியமெனக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். அந்தப் பொதுமக்கள் கடிதங்கள்.

உள்ளூர் அரசியல்வாதியின் பைல்களில் ஆகப் பெரிய பகுதி இதுதான். தொழில் கேட்டு, இடமாற்றம் கேட்டு, காணி உறுதி கேட்டு, சவூதியில் சிக்கிய மகளை எடுத்துத்தரச் சொல்லி, கைதான மகன் எந்த முகாமில் என்று கேட்டு எழுதியவை. தானாக எழுதத் தெரியாத தாய்மார் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்தவை. ஒரு பிரதேசத்தின் வறுமை, யுத்தம், வெளிநாட்டுப் பயணம், பெண்களின் நிலை எல்லாவற்றையும் பற்றி இதைவிட நேரடியான சாட்சியம் கிடையாது. எந்தத் தலைவரின் உரையும் இதற்கு ஈடாகாது. அரசியல்வாதியின் பெயரில் இருந்தாலும் உண்மையில் இது ஊரின் காப்பகம்.

அதே காரணத்துக்காக இது ஆபத்தானதும் கூட. எழுதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று உதவி கேட்ட வீட்டின் பிள்ளை இன்று அதிகாரியாகவோ மௌலவியாகவோ இருக்கலாம். கண்ணாடிப் பெட்டியில் "மக்கள் எழுதிய கடிதங்கள்" என்று வைத்து, பெயர் தெரிய யாராவது படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால், மானத்தைக் கெடுத்த பாவம் நூதனசாலைக்காரரையே சேரும். அந்த உம்மா எழுதியது எம்.பி.க்கு, ஊருக்கல்ல, அது ஓர் அமானிதம். வளர்ந்த நாடுகளின் காப்பகங்களில் தனிநபர் விபரமுள்ள கோவைகளைப் பல தசாப்தங்கள் மூடிவைப்பது வழக்கம். நாமும் அப்படியே செய்யலாம்: பாதுகாக்கலாம், எண்ணிக்கையும் வகையும் பதியலாம், ஆய்வாளருக்குப் பெயரை மறைத்துக் கொடுக்கலாம், காட்சிக்கு வைக்கக்கூடாது. எரிப்பதற்கும் காட்டுவதற்கும் இடையில் மூடிவைத்தல் என்று மூன்றாவது வழி இருப்பது எமக்கு அதிகம் பழக்கமில்லை.

காட்சி என்றவுடன் உருவச் சிலைகள் பற்றிய கேள்வி வரும். காத்தான்குடியில் 2015இல் திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலையில் சிலைகள் பற்றி எழுந்த சர்ச்சை ஊரறிந்தது. அதற்குள் இங்கே போகவில்லை. ஆனால் அரசியல் வாழ்வொன்றைக் காட்டச் சிலை எதுவும் தேவையில்லை என்பதை மட்டும் சொல்லலாம். திருத்தங்கள் நிறைந்த ஓர் உரைத் தாள், அதன் பக்கத்தில் அச்சான ஹன்சாட் பக்கம், அருகே ஒரு காதொலிக் கருவியில் அதே குரல். ஒரு பிள்ளையை அரை மணித்தியாலம் நிறுத்திவைக்க இது போதும்.

எங்கே வைப்பது என்பது இலேசான கேள்வியல்ல. பிரதேச சபை நூலகம் என்றால் அடுத்த தேர்தலில் ஆட்சி மாறும். புதிய தவிசாளருக்குப் பழையவரின் பெட்டி கண்ணில் குத்தும். பள்ளிவாசல் என்றால் நிர்வாகம் மாறும். கட்சி அலுவலகம் வேண்டவே வேண்டாம். குடும்ப வீடு என்றால் மேலே சொன்ன மகளின் அறைக் கதைதான். என் அபிப்பிராயத்தில் பாடசாலை, பள்ளிவாசல், நூலகம், பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் இருக்கும் ஒரு நம்பிக்கைப் பொறுப்பின் கீழ், ஒரு கட்சிக்காரருடையதை மட்டும் அல்லாமல் எதிர்க்கட்சிக்காரருடையதையும் ஒரே கூரையின் கீழ் எடுப்பதே பாதுகாப்பு. தோற்ற வேட்பாளரின் பிரசுரமும் வந்தால்தான் வென்றவரின் பிரசுரத்துக்கு அர்த்தம். பழுதடையும் நிலையிலுள்ள பெரிய தொகுப்புகளுக்கு 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கொழும்பு தேசிய சுவடிக்கூடத்தில் ஆலோசனை கேட்கலாம். ஸ்கேன் பிரதிகளுக்கு, 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது; முஸ்லிம் ஆவணங்களுக்கு அங்கே தனிப் பகுதியும் உண்டு. பள்ளிவாசல் பதிவேடுகள் போன்ற மிகப் பழையவை கிடைத்தால், பிரித்தானிய நூலகம் 2004இல் தொடங்கிய அழிந்துபோகும் ஆவணங்களுக்கான திட்டம் உதவும். அதில் மூலப்பிரதி நாட்டைவிட்டுப் போகாது.

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில், வரலாற்று விரிவுரையாளர் எங்களை வீட்டிலிருந்து ஆளுக்கொரு முதலாந்தர மூலாதாரம் கொண்டுவரச் சொன்னார். காணி உறுதி வந்தது, கடவுச்சீட்டு வந்தது, ஹஜ் பயணக் குறிப்பு வந்தது. ஒருவர் மட்டும் ஒரு தேர்தல் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்தார். அதில் இருந்த வாக்குறுதிகளில் எவை நடந்தன என்று தேடியே எங்களுக்கு இரண்டு பாடவேளை போனது. இப்போது நான் 10, 11ஆம் தரங்களில் அதையே செய்விக்கிறேன். மாணவர்கள் ஊரின் பழைய அரசியல் புகைப்படங்களைப் பிரதியெடுத்து, மூத்தவர்களிடம் கொண்டுபோய், யார் யார் என்று கேட்டு இடமிருந்து வலமாகப் பெயர் எழுதி வருகிறார்கள். மேடையில் இருப்பவர்களை எல்லோரும் அடையாளம் காண்கிறார்கள். கீழே மணலில் இருந்து கேட்பவர்களை, கொடி பிடித்த சிறுவனை, ஓலைப் பந்தல் போட்ட ஆளை அடையாளம் காண்பவர்கள் 75, 80 வயதுக்காரர்கள் மட்டுமே.

கடந்த தவணையில் ஒரு மாணவி 14 பேர் உள்ள படத்தில் 11 பெயர்களுடன் வந்தாள். மிச்சம் மூவருக்கும் மத்ரஸா வீதியில் ஒரு பெரியவர் இருக்கிறாராம், அவருக்குத் தெரியுமாம். ஆனால் அஸருக்குப் பிறகுதான் கண் நன்றாகத் தெரியுமாம். பூதக்கண்ணாடி ஒன்று கேட்டாள். விஞ்ஞான கூடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தோம்.